வெயிலில் எடுத்த ரத்தம்

மூன்றாம் தட்டில் நீந்திக்கொண்டிருந்த ஆறு தலைப்பிரட்டைகளும் வெளுத்துவிட்டன.

ராத்திரி ரத்தம் விட்ட தட்டாக இருந்தால் ஜிபாரா குறித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போயிருப்பாள். இது பகல் தட்டு. இன்று உச்சிப்பொழுதில், பனியின் பளபளப்பு கண்ணைக் குத்தும் முற்றத்தில் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தன் இடது கையிலிருந்து தானே ஊசியால் இழுத்த ரத்தம். அதன் சாறு பட்டாலும் தலைப்பிரட்டைகள் மையில் தோய்த்த மாதிரி கறுப்பாகவே இருக்க வேண்டும். இப்போதோ ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் கடுகளவு இதயம் துடிப்பது வெளியே தெரிந்தது.

தட்டை மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தாள். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் தட்டை மாற்றியதில்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள். அதுதான் வசதியாக இருந்தது.

நாரின் ஊருக்கு மேலே, கழுதைகூட யோசித்து ஏறும் சரிவில் இருந்த அந்த ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு காலத்தில் முப்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பிறகு நாடு உடைந்தது. மாஸ்கோவிலிருந்து கடிதம் வருவது நின்றது, சம்பளம் மாவு மூட்டையானது, பிறகு மாவும் நின்றது. இயக்குநர் ஜெர்மனிக்குப் போனார். மற்றவர்கள் அவரவர் சொந்தக்காரர்களிடம் போனார்கள். ஜிபாராவின் கணவன் அதற்கு வெகுமுன்பே ஓம்ஸ்க் நகரத்துக்குப் போய், முதலில் மாதம் ஒரு கடிதமும் பிறகு வருஷம் ஒரு கடிதமும் எழுதி, கடைசியில் எழுதுவதையே விட்டிருந்தான். போவதற்கு இடம் இல்லாததால் அவள் இருந்தாள். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் சகின்பெக்கும் இருந்தார். கீழ்க் கிராமத்தில் அவருக்கு அண்ணன் வீடு இருந்தது. ஏன் போகவில்லை என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆராய்ச்சி தொடர்ந்தது. மூளைக்கு நடுவில் பார்லி மணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. இருட்டில் மட்டும் அது கடை திறக்கும், மெலடோனின் என்ற சரக்கை ரத்தத்தில் இறக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டதும் கடையை மூடிவிடும். அதனால் மனுஷனோ ஆடோ, இருட்டிலா வெளிச்சத்திலா என்று வாய் பொய் சொல்லலாம், ரத்தம் சொல்லாது. அதை அளக்கும் மருந்துகள் தீர்ந்த பிறகு ஜிபாரா பழைய முறைக்குத் திரும்பியிருந்தாள். வெதுவெதுப்பான தொட்டியில் தலைப்பிரட்டை வளர்த்து, ரத்தத்தின் சாறை அவற்றின் மேல் விடுவது. இருட்டின் ரத்தம் பட்டால் வெளுக்கும். பகலின் ரத்தம் பட்டால் வெளுக்காது. பகல் ரத்தத்துக்கென்று வெளியே ஒரு ஆடு நின்றது. அதையும் மாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து பகல் ஆடு ஜிபாராதான்.

இதெல்லாம் சகின்பெக் கீழே போன ஒன்பதாம் நாள் நடந்தது.

மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு நாலு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாலு, ஆறாயிற்று, ஒன்பதாயிற்று. பனி விழுந்திருக்கிறது, பாதை மூடியிருக்கும், அண்ணன் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருப்பார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவருடைய வெந்நீர்க் குடுவை அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது. தேநீர் நிரப்பி, மூடி இறுக்கி, எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். மறதிக்காரர் என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் அறையில் தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

பத்தாம் நாளும் அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் விழுந்தது, சுடவில்லை. புகைப்படத்தில் இருக்கும் வெயில் மாதிரி அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். தூக்கம் தூக்கமாக வந்தது. ரத்தம் எடுத்தாள், இந்த முறை குழாயின் மேல் தன் பெயரையே எழுதினாள். இரண்டு மணிக்கு ஆறு தலைப்பிரட்டைகளும் கண்ணாடியாகிவிட்டன.

பதினொன்றாம் நாளும் அதேதான்.

அன்று ஆட்டுக் கொட்டகையிலும் ஒன்று சரியாக இல்லை. அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. ஆட்கள் பகலில் வேலை பார்க்க வசதியாக அங்கே பகலையும் இரவையும் புரட்டிப் போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் கடிகாரப் பெட்டி 'டக்' என்று விளக்குகளை அணைக்கும், மாலை ஐந்துக்குத்தான் ஏற்றும். இடையில் வெள்ளை வெளிச்சம் கூடவே கூடாது. ஒரு தீக்குச்சி ஒரு ராத்திரியைக் கொன்றுவிடும் என்பார் இயக்குநர். சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச் ஒன்றே ஒன்று உண்டு, அது எப்போதும் ஜிபாராவின் கழுத்தில் தொங்கும். அவள் உள்ளே நுழைந்ததும் எட்டு ஆடுகளும் திரும்பிப் பார்க்கும், பதினாறு கண்கள் தணல் மாதிரி மின்னும். மின்னுவது ஆட்டின் சொந்த ஒளியல்ல, டார்ச்சின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. மனுஷக் கண் அப்படி மின்னாது. பழகிப்போன அந்தப் பதினாறு தணல்கள்தான் இப்போதெல்லாம் அவளுக்குக் கிடைக்கும் வரவேற்பு.

பதினொன்றாம் நாள் எதுவும் திரும்பவில்லை. எட்டு ஆடுகளும் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு, கோடிச் சுவரைப் பார்த்து நின்றன. அசை போடவில்லை. அவள் நாக்கைச் சொடுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கடைசியில் ஒன்றின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். விட்டதும் அந்தத் தலை மெதுவாகப் பழைய இடத்துக்கே போயிற்று.

கோடிச் சுவருக்கு அந்தப் பக்கம், இறைச்சி தொங்கவிட்டிருக்கும் கடைசி அறை.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. ஜிபாரா காலில் செருப்புகூட இல்லாமல் வாசலுக்கு ஓடினாள். வந்தது கீழ்க் கிராமத்து தாஷ்தெமிர். மீசையில் பனிக்கட்டி தொங்கியது.

"என்னக்கா, ஓட்டமா ஓடி வர்ற? மாப்பிள்ளை வந்துட்டான்னு நெனச்சியா?" என்று குதிரையிலிருந்து இறங்கினான். "செத்துப்போன நாட்டுக்கு இன்னமும் ரத்தம் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கியா?"

"வாயை அளந்து பேசு. மாவு எங்க? அவரு பின்னாடி வர்றாரா?"

"யாரு?"

"உங்க சகின் அண்ணன்தான்."

தாஷ்தெமிர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். "அவரைப் பாக்கத்தான்க்கா நானே வந்தேன். குதிரைக்கு லாடம் அடிக்கணும். அவரு கீழ வரலையே."

"பன்னெண்டு நாளாச்சு போயி."

"வரலைக்கா. அவங்க அண்ணன் வீட்டுலதான் நேத்து நான் டீ குடிச்சேன். சகின் இந்தக் குளிருக்கு எறங்கவே இல்லன்னு அவரு அண்ணனே சொன்னாரு."

இருவரும் சரிவைப் பார்த்தார்கள். வெள்ளை. அதில் தாஷ்தெமிரின் குதிரைத் தடம் மட்டும்.

"நான் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன். ஓடை ஓரமா தேடிப் பாப்போம்," என்றான். பன்னிரண்டு நாள் பனிக்கு அடியில் என்ன கிடைக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் தொழுவார்கள். ஜிபாரா பதிவேட்டுக்குப் போகிறவள். "போறதுக்கு முன்னாடி கையை நீட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"ரத்தம். ஒரே ஒரு ஊசி."

"என்னக்கா, அவரத் தேடச் சொன்னா நீ..." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் மீதியை விழுங்கிவிட்டு கையை நீட்டினான். "என் ரத்தத்துல வோட்கா இருக்கும். உன் மீனுங்களுக்கு ஏறிடப் போகுது" என்றான். அவள் ஊசியைக் குத்தினாள்.

அவன் போன பிறகு அவள் வெயிலில் உட்கார்ந்து தன் கையிலிருந்தும் எடுத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் சாறாக்கினாள், ஒரே தொட்டியின் தலைப்பிரட்டைகள், ஒரே மேசை. ஒன்றரை மணிக்குப் பார்த்தபோது தாஷ்தெமிரின் ஆறும் கருகருவென்று வாலாட்டிக்கொண்டிருந்தன. அவளுடைய ஆறிலும் இதயம் தெரிந்தது.

தட்டு மாறவில்லை. தொட்டியில் கோளாறு இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் அவள் உடம்பு, நான் கும்மிருட்டில் இருக்கிறேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

என்னுடையது இல்லை என்றால் இது யாருடைய இருட்டு?

அந்தக் கேள்வி வந்ததும் கூடவே அந்தக் கண்ணும் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் எண் ஆடு. கடைசி அறையில், சிவப்பு விளக்குகூட இல்லாமல், நானூறு நாள் வைத்திருந்த ஆடு. தண்ணீரும் தீவனமும் தடவித் தடவி வைப்பார்கள், ரத்தமும் தடவித்தான் எடுப்பார்கள். தீவனம் குறைந்ததும், கீழே போவதற்கு முந்தின நாள், சகின்பெக் பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். ஜிபாரா தலையைப் பிளக்காமல் பின்பக்கமாகத் துளைத்துச் சுரப்பியை எடுத்தாள். பார்லி அளவில் இருக்க வேண்டியது கொண்டைக்கடலை அளவில் இருந்தது. சோதனை ஆட்டைக் குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர்கள் யாரும் இல்லை, பசி இருந்தது. இறைச்சியைக் கடைசி அறையிலேயே உறைய விட்டுத் தொங்கவிட்டார்கள். தலையை மட்டும் மயிர் பொசுக்கி அன்றே வேக வைத்தார்கள்.

தலை சகின்பெக்குக்கு. அவர்தான் மூத்தவர். அவர் கத்தி முனையால் ஒரு கண்ணைத் தோண்டி அவள் தட்டில் வைத்தார், மற்றொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணைப் பங்கு போட்டுத் தின்ற இருவர் மறுபடி ஒருவரையொருவர் பார்க்காமல் போக மாட்டார்கள் என்பது அந்த மலையில் யாருக்கும் தெரிந்த விஷயம். தூரம் போகும் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்குக் கொடுப்பார்கள்.

"நான் பக்கத்து அறையிலதான இருக்கேன், எனக்கு எதுக்குக் கண்ணு?" என்று அவள் சிரித்தாள்.

"பக்கத்துலயே இருந்தாலும் நீ பாக்கறது இல்லையே, ஜிபாரா," என்றார் அவர்.

அவளுக்குப் புரிந்தது. காது சூடாயிற்று. பதிலுக்குக் கண்ணை மென்று விழுங்கினாள். நாலு நாளில் வந்துவிடப் போகிறார், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், இரு என்று சொல்லலாம், போகாதே என்று சொல்லலாம் என்று பன்னிரண்டு நாளாக அதை மனசில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சியைக்கூட அவர் வரட்டும் என்று தொடவில்லை. வறண்ட ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் புறப்பட்ட அன்று காலை என்ன நடந்தது?

"விளக்கு அணைஞ்சதும் கெளம்பறேன். நீ உள்ள வேலையா இருப்ப, சொல்லிக்க வர மாட்டேன்," என்றார். அவள் ஆடுகளிடம் போனாள். பத்து மணிக்கு ஊசி எடுக்க வெளியே வரும்போது நடையின் கோடியில் டார்ச் பட்டது. கடைசி அறையின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. இந்த மனுஷன் ஒருநாளாவது தாழ்ப்பாளைப் போட்டால் என்ன என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இழுத்துப் போட்டாள்.

வழிக்கு ஒரு துண்டு இறைச்சி அறுத்துக்கொள்ள ஒருவர் உள்ளே போயிருக்கலாம். இருட்டு நேரமாயிற்றே, டார்ச் ஜிபாராவிடம் இருக்கிறதே, தீக்குச்சி கிழித்தால் அவள் ராத்திரி கெட்டுவிடுமே என்று விளக்கில்லாமல், தடவித் தடவி, பழக்கப்பட்ட மாதிரி.

ஜிபாரா பதிவேட்டைப் புரட்டினாள். அந்த நாள். அவளுடைய கையெழுத்து. பதினொரு மணி, நான்காம் எண் ஆட்டிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. அதே வரியில், பக்கத்துக் கட்டத்தில்: நான்காம் எண் பலகையை உதைக்கிறது, மூன்று முறை.

உதைக்க முடியாது. நான்காம் எண்ணின் கழுத்து அப்போது அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. கழுத்தில் ஊசி இருந்தது. அவள் ஆட்டுக்கு அசையாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள்: நான்காம் எண் உதைக்கிறது. மூன்றாம் நாள்: உதைக்கிறது, மெதுவாக. நாலாம் நாள் அந்தக் கட்டம் காலி.

ஒளியும் ஒலியும் புகாமல் மரத்தூள் அடைத்துக் கட்டிய சுவர். முழு பலத்தோடு இடித்தால் ஒரு ஆடு சோம்பேறித்தனமாக உதைப்பது போலத்தான் கேட்கும்.

ஆனால் உள்ளே இறைச்சி இருக்கிறது. உடம்பில் ஆட்டுத்தோல் கோட்டு இருக்கிறது. உறைந்த இறைச்சியைச் சப்பினால் தண்ணீரும் கிடைக்கும். பன்னிரண்டு நாள். இருக்கலாம். ஒரு ஆள் இருக்கலாம். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. உயிரோடு இருந்தால், இத்தனை நாளும் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்?

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. அவள் நடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். இருட்டு. ஈரக் கம்பளி நெடி. சாணம். அதற்கு அடியில், இனிப்பாக, வேறொன்று. கழுத்திலிருந்த டார்ச்சை அழுத்தினாள். சிவப்பு வட்டம் தரையில் விழுந்து அவளுக்கு முன்னால் ஊர்ந்தது. வலது பக்கம் ஆடுகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்ததும் அதுவும் நின்றது.

தாழ்ப்பாள்.

குளிர் விரலில் ஒட்டியது. இழுத்தாள்.

வெளிக்கதவு. பிறகு கம்பளி தைத்த உள்கதவு. அவளுக்குப் பின்னால் இரண்டும் விசையில் தாமாகவே சாத்திக்கொண்டன. எப்போதும் அப்படித்தான்.

"நான்தான்," என்றாள். "ஜிபாரா."

சிவப்பு வட்டம் கதவின் உட்புறத்தில் விழுந்தது. கம்பளி கிழிந்து தொங்கியது. பலகையில் கோடுகள். பக்கத்தில் பக்கத்தில். சில இடத்தில் கறுப்பாக.

இறைச்சி கொக்கியிலேயே தொங்கியது. யாரும் தொடவில்லை.

கோடியில், ஆடுகள் பார்த்துக்கொண்டு நின்ற சுவருக்கு இந்தப் பக்கம், அவர் உட்கார்ந்திருந்தார். முதுகைச் சுவரில் சாய்த்து. கோட்டின் மேல் உறைபனி. மீசையில் உறைபனி. கைகள் மடியில். விரல் நுனிகளை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மார்பு அசையவில்லை. வாய்க்கு முன்னால் ஆவி இல்லை. அவள் வாய்க்கு முன்னால் மட்டும் இருந்தது.

"சகின்பெக்," என்றாள். "பாத்துட்டேன். வந்துட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

டார்ச்சை முகத்துக்கு உயர்த்தினாள்.

வலது கண் மூடி, இமை உறைந்திருந்தது. இடது கண் திறந்திருந்தது. ஈரமாக இருந்தது. அந்த அறையில் உறையாதது அது ஒன்றுதான்.

அது மின்னியது.

தணல் மாதிரி. கொட்டகையில் தினமும் அவள் பார்க்கும் அதே தணல்.

மனுஷக் கண் மின்னாது. அவளுக்குத் தெரியும். டார்ச்சை இடது பக்கம் நகர்த்தினாள். கண் கூடவே நகர்ந்தது. வலது பக்கம். நகர்ந்தது. தலை அசையவில்லை. கண் மட்டும்.

வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. வெளிச்சம் இல்லாவிட்டால் மின்னாது. இருபது வருஷம் படித்த பாடம். அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

டார்ச்சை அணைத்தாள்.

கும்மிருட்டு. தன் மூச்சை எண்ணினாள். ஒன்று. இரண்டு.

கண் அணையவில்லை.

கதவைத் தாழிட ஆள் இல்லை. போகலாம். அவள் போகவில்லை. அந்தக் கண்ணில் கோபம் எதுவும் இல்லை. ரொம்ப நாள் காத்திருந்த ஒருவரின் பார்வை அது, பொறுமையாக, இவள் எப்போது பார்ப்பாள் என்று.

அவருக்குப் பக்கத்தில் சுவரை மூடியிருந்த, முகம் தெரியும் தகரத்தில் இன்னொரு தணல் எரிந்தது. அது ஜிபாராவின் உயரத்தில் இருந்தது. அவள் இமைத்தாள். அதுவும் இமைத்தது.